ஜிம் ஃபிக்ஸ்

ஜேம்ஸ் ஃபுல்லர் ஃபிக்ஸ் (ஏப்ரல் 23, 1932 – ஜூலை 20, 1984) அமெரிக்க இதழாசிரியரும் எழுத்தாளரும் ஆவார். ஜிம் ஃபிக்ஸ் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். 1977ஆம் ஆண்டில் இவர் எழுதிய தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங் (ஓட்டம் பற்றிய முழுமையான நூல்) பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. உடல்நலத்துக்காக மெல்லோட்டம் ஓடும் வழக்கம் அமெரிக்காவில் பெருமளவில் பரவியதற்கு அந்நூல் ஒரு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

தமது 52ஆவது வயதில், வழக்கமான மாலை ஓட்டத்தின்போது இவர் மாரடைப்பால் இறந்தார். அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்னர், உடற்பயிற்சி மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் கென்னத் கூப்பரின் நடுவத்தில் இதயத்துக்கான உடலுழைப்புச் சோதனை செய்துகொள்ளுமாறு விடுக்கப்பட்ட அழைப்பை இவர் ஏற்கவில்லை. உடற்பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இவரது வாழ்க்கை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பிறப்பும் குடும்பமும்

ஃபிக்ஸ் நியூயார்க் நகரில் பிறந்தார். இவரது தந்தை கால்வின் ஃபிக்ஸ் டைம் இதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். இரவு பகல் பாராத வேலைக்குப் பெயர் பெற்றிருந்த அவ்வலுவலகத்தில் பணிபுரிந்து வந்த கால்வினுக்கு 35ஆவது வயதில் மாரடைப்பு ஏற்பட்டது. அப்போது ஜிம் சிறுவன். அந்நோயிலிருந்து முழுமையாக மீளாத தந்தை 43ஆவது வயதில் காலமானார்.

இந்த இரண்டு எண்களும் ஃபிக்சின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை. தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்பும், தாயோ உடன்பிறந்த பெண்ணோ 65 வயதுக்கு முன்பும் இதயத் தமனி நோய்க்கு ஆளாகியிருந்தால், அதை மருத்துவர்கள் தனியானதோர் இடர்க் காரணியாகக் கொள்கின்றனர். ஃபிக்சின் தந்தைக்கு நோய் வந்த வயது இந்த வரம்பிற்கு 20 ஆண்டுகள் முந்தியது. குருதியில் கொழுப்பு மிகுதல், உயர் குருதி அழுத்தம் போன்ற மரபுவழிக் குறைகள் இத்தகைய குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடும். பிற்காலத்தில் உணவையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்வதால் இக்குறைகளின் விளைவு குறையலாமே தவிர, முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

இதழியல் பணி

ஓகாயோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில் பயின்ற ஃபிக்ஸ் 1957இல் பட்டம் பெற்றார். பின்னர் சாட்டர்டே ரிவ்யூ, மெக்கால்ஸ், லைஃப், ஒரைசன் முதலிய இதழ்களில் பணியாற்றினார். நுண்ணறிவு மிக்கோர் கழகமான மென்சாவில் இவர் உறுப்பினர். ஓட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்பே, அறிவுக்கூர்மையைச் சோதிக்கும் புதிர்களைத் தொகுத்து 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தொடர்ச்சி 1976இல் வந்தது. இந்நூல்களும் நன்கு விற்பனையாயின. புதிர்ப் பிரியர்களுக்கு இவர் இன்றும் இந்நூல்களின் வழியாகவே அறிமுகம்.

ஓடத் தொடங்குதல்

1967ஆம் ஆண்டில் ஃபிக்சுக்கு வயது 35. தந்தைக்கு முதல் மாரடைப்பு வந்த அதே வயது. அப்போது இவரது எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். நாளொன்றுக்கு இரண்டு பெட்டி வெண்சுருட்டு புகைத்து வந்தார். டென்னிசு ஆடும்போது கெண்டைக்கால் தசையில் ஏற்பட்ட காயம் ஒன்றே இவரை ஓட்டத்தின் பக்கம் திருப்பியது. காலை வலுப்படுத்தத் தொடங்கிய மெல்லோட்டம் நாளடைவில் அன்றாடப் பழக்கமாயிற்று. பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 27 கிலோகிராம் எடை குறைந்தது, புகைப்பழக்கத்தையும் விட்டொழித்தார். நாள்தோறும் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஓடினார். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஓடுவதற்கு ஒப்பான தொலைவு இது. பாஸ்டன் மாரத்தான் உள்ளிட்ட 42.195 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டங்களிலும் கலந்துகொண்டார்.

இவர் ஓடத் தொடங்கிய காலத்தில் பெரியவர்கள் தெருவில் ஓடுவது அமெரிக்காவிலேயே புதுமையாகப் பார்க்கப்பட்டது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடமிருந்து மெல்லோட்ட முறையைக் கற்றுவந்த பில் பவர்மன், அதைப் பற்றி எழுதிய சிறுநூல் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. 1968இல் கென்னத் கூப்பரின் ஏரோபிக்ஸ் வெளிவந்தது. 1970இல் நடைபெற்ற முதல் நியூயார்க் மாரத்தானில் 127 பேர் ஓடத் தொடங்கி 55 பேரே முடித்தனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான பிராங்க் சார்ட்டர் மாரத்தான் தங்கத்தை வென்றதும் நிலைமை மாறத் தொடங்கியது.

நூலும் புகழும்

இந்த அலை உயர்ந்து வந்த வேளையில், 1977இல் ராண்டம் அவுசு பதிப்பகம் ஃபிக்சின் நூலை வெளியிட்டது. சிவப்பு நிற அட்டையில் ஓடும் இரு கால்கள் மட்டும் இருக்கும். அவை ஃபிக்சின் கால்களே. காலணி தேர்வு செய்வது, மழையிலும் குளிரிலும் ஓடுவது, பெண்கள் ஓடுவது, நாற்பது வயதுக்கு மேல் தொடங்குவது, ஓட்டம் மனத்துக்குச் செய்யும் நன்மை என்று எளிய நடையில் எழுதப்பட்டிருந்தது. விளையாட்டு வீரருக்கான பயிற்சி நூலாக அல்லாமல், தொப்பை விழுந்த அலுவலக ஊழியருக்கான வழிகாட்டியாக இது அமைந்ததே வெற்றிக்குக் காரணம் எனலாம். எழுதியவரும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்தாம் என்பது வாசகர்களுக்கு நம்பிக்கை அளித்தது.

நூல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஃபிக்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் கூட்டங்களிலும் ஓட்டத்தின் நன்மைகளை எடுத்துரைத்தார். 1980இல் இரண்டாம் நூல் வெளிவந்தது. திடீர்ப் புகழ் தம் வாழ்வில் ஏற்படுத்திய குழப்பங்களை 1982இல் வந்த ஜாக்பாட் என்ற நூலில் எழுதினார். இவருக்கு நான்கு பிள்ளைகள். இருமுறை மணம் புரிந்து இரண்டும் மணமுறிவில் முடிந்தன.

மாரத்தான் காப்பு என்னும் கருத்து

1970களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் தாமசு பாஸ்லர், மாரத்தான் ஓடி முடிக்கக்கூடியவரும் புகைபிடிக்காதவருமான ஒருவருக்கு இதயத் தமனித் தடிப்பு நோயால் மரணம் வராது என்ற கருத்தை முன்வைத்தார். ஓட்டக்காரர்களிடையே இது ஏறத்தாழ ஒரு மத நம்பிக்கைபோலப் பரவியது. நெஞ்சில் வலி தோன்றினாலும் அது இதயமாக இருக்க முடியாது என்று எண்ணி ஓடியோர் பலர்.

தென்னாப்பிரிக்க மருத்துவரும் ஓட்டக்காரருமான டிமோதி நோக்சும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாரத்தான் ஓடியவர்களின் பிணக்கூறாய்வில் கடுமையான இதயத் தமனித் தடிப்பு காணப்பட்டதை அது காட்டியது. அறிவியல் நோக்கில் பாஸ்லரின் கருத்து அத்துடன் முடிந்துவிட்டது. ஆயினும் ஓட்டக்காரர்களின் மனத்திலிருந்து அது அவ்வளவு விரைவில் அகலவில்லை. ஃபிக்சின் மறைவு நிகழ்ந்தது இதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்னராகும்.

டல்லசில் மறுத்த சோதனை

1983 திசம்பரில் ஃபிக்ஸ் டெக்சாசு மாநிலத்தின் டல்லசு நகரிலுள்ள கூப்பரின் ஏரோபிக்ஸ் நடுவத்துக்குச் சென்றார். அங்கு வந்த இவரை உடலுழைப்புச் சோதனைக்கு அழைத்ததாகவும், இவர் மறுத்துவிட்டதாகவும் கூப்பர் பின்னர் எழுதியுள்ளார். அப்போது ஃபிக்சுக்கு 51 வயது. 16 ஆண்டுகளாக ஓடி வந்தவர்; வெளித்தோற்றத்தில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை.

மறுக்கப்பட்ட சோதனை எத்தகையது என்பதை இங்கே விளக்குவது பொருத்தமாகும். நெஞ்சில் மின்வாய்களை ஒட்டி, டிரெட்மில் எனப்படும் ஓடுபொறியின் மேல் ஒருவரை நடக்கச் செய்து, இதய மின்னலை வரைவையும் குருதி அழுத்தத்தையும் தொடர்ந்து பதிவு செய்வதே இச்சோதனை. தமிழ்நாட்டில் இது டி.எம்.டி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. 1929இல் ஆர்தர் மாஸ்டரும் அவருடன் பணியாற்றியவரும் உருவாக்கிய படியேறும் சோதனை இதற்கு முன்னோடி. சியாட்டிலிலிருந்த வாசிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் ராபர்ட் புரூசு (1916–2004) வகுத்த பலகட்ட முறை 1963இல் வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது இம்முறையே. இதில் முதல் மூன்று நிமிடங்கள் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகமும் 10 விழுக்காடு ஏற்றமும் இருக்கும். அடுத்த மூன்று நிமிடங்களுக்கு 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு, அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 விழுக்காடு. இவ்வாறு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். கூப்பரின் நடுவத்தில் புருனோ பால்க் வகுத்த முறையின் திருத்திய வடிவம் பயன்படுத்தப்பட்டது. அதில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5.3 கிலோமீட்டரில் நிலையாக இருக்க, ஏற்றம் மட்டும் நிமிடந்தோறும் கூடிக்கொண்டே போகும்.

220இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது ஒருவரது உச்ச இதயத் துடிப்பின் தோராய அளவாகும். அதில் 85 விழுக்காட்டை எட்டினால் சோதனை போதிய அளவு நடந்ததாகக் கொள்வது மரபு. இக்கணக்கின்படி 51 வயதினருக்கு உச்சம் 169. 85 விழுக்காடு என்பது ஏறத்தாழ 144. நாள்தோறும் 16 கிலோமீட்டர் ஓடும் ஒருவர் இந்த அளவை எளிதில் கடந்துவிடுவார்.

ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் மின்னலை வரைவு சீராக இருக்க, உழைக்கும்போது மட்டும் கோளாறு வெளிப்படுவது ஏன் என்பது பலருக்கும் எழும் ஐயம். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் தேவைக்கேற்ப விரிந்து, ஓய்வில் செல்வதைப்போல நான்கைந்து மடங்கு குருதியை அளிக்கக்கூடியவை. தமனி பாதிக்கு மேல் குறுகியிருந்தாலும் ஓய்வில் இருக்கும் இதயத்துக்குப் போதிய குருதி கிடைத்துவிடும். கோடைக்காலத்தில் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும்போது தெரியாத அடைப்பு, நான்கு வீடுகளில் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும்போது தெரிவதைப்போன்றது இது. துடிப்பு உயர்ந்து தேவை பெருகும்போது, குறுகிய தமனியின் பகுதியிலுள்ள தசை மட்டும் குருதிக்குத் தவிக்கும். அத்தவிப்பு மின்னலை வரைவில் எஸ்.டி. எனப்படும் பகுதி தாழ்வதாகப் பதிவாகும். ஆகவே, ஒருவரால் எவ்வளவு தொலைவு ஓட முடிகிறது என்பதும் அவரது தமனிகள் எந்நிலையில் உள்ளன என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கான விடை ஃபிக்சிடம் நாள்தோறும் இருந்தது. இரண்டாவதற்கான விடை அவரிடம் இல்லை.

தடிப்பு கண்டறியப்பட்டிருந்தால் செய்வதற்கு வழியும் அன்று இருந்தது. மாற்றுவழிக் குருதிக்குழாய் அறுவையை ரெனே பவலோரோ கிளீவ்லாந்தில் செய்யத் தொடங்கியது 1967இல், ஃபிக்ஸ் ஓடத் தொடங்கிய ஆண்டில். குறுகிய தமனியைப் பலூன் கொண்டு விரிக்கும் முறையை ஆண்ட்ரியாசு குருண்ட்சிக் சூரிச்சில் முதன்முதலாகச் செய்தது 1977இல், ஃபிக்சின் நூல் வெளிவந்த ஆண்டில். 1983இல் இவ்விரண்டும் அமெரிக்காவின் பெருநகரங்களில் கிடைத்தன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகள் மட்டும் வரவில்லை; அவற்றுள் முதலாவது 1987இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மறைவு

1984 கோடையைக் கழிப்பதற்காக ஃபிக்ஸ் வெர்மாண்ட் மாநிலத்துக்குச் சென்றார். முந்திய வாரங்களில் ஓடும்போது தொண்டையில் ஒருவித இறுக்கத்தை உணர்ந்ததாக நெருங்கியவர்களிடம் அவர் கூறியிருந்தார் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. இதய நோயின் வலி எப்போதும் இடது நெஞ்சிலேயே தோன்றும் என்பதில்லை. தொண்டை, தாடை, தோள், மேல்வயிறு ஆகிய இடங்களிலும் அது இறுக்கமாகவோ எரிச்சலாகவோ தோன்றலாம். உழைக்கும்போது வந்து ஓய்வெடுத்ததும் மறைவது அதன் தனித்தன்மை.

ஜூலை 20, வெள்ளிக்கிழமை மாலை, ஆர்டுவிக் என்னும் சிற்றூரில் 15ஆம் எண் நெடுஞ்சாலையோரம் இவர் ஓடச் சென்றார். சாலையோரத்தில் விழுந்து கிடந்த இவரை அவ்வழியே சென்ற ஒருவர் கண்டார். அதற்குள் உயிர் பிரிந்திருந்தது.

வெர்மாண்ட் மாநிலத் தலைமை மருத்துவ ஆய்வாளர் எலினார் மெக்குவிலன் பிணக்கூறாய்வு செய்தார். இதயத்தின் மூன்று முதன்மைத் தமனிகளும் கொழுப்புப் படிவால் கடுமையாகக் குறுகியிருந்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ முழுவதும் அடைபட்டிருந்தது. இதயத் தசையில் முன்னரே ஏற்பட்ட பாதிப்பின் தழும்புகளும் காணப்பட்டன. அதாவது, இறுதி மாரடைப்புக்கு முன்பே இதயம் சேதமடைந்திருந்தது. அந்நிலையிலும் அவர் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

மறைவுக்குப் பின் எழுந்த விவாதம்

லாசு ஏஞ்சலிசு ஒலிம்பிக் தொடங்க எட்டு நாட்களே இருந்த வேளையில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. ஓட்டத்தின் தூதுவர் ஓடும்போதே இறந்தார் என்பது நாளிதழ்களுக்குப் பெருந்தீனியாயிற்று. உடற்பயிற்சி செய்ய மனமில்லாதவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டனர். மேடை நகைச்சுவையாளர்கள் பல ஆண்டுகளுக்கு இவர் பெயரை ஏளனத்துக்குப் பயன்படுத்தினர். ஓட்ட ஆர்வலர்களோ, 43இல் இறந்த தந்தையை விட மகன் ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததற்கு ஓட்டமே காரணம் என்றனர். ஒரு தனிமனிதரின் வாழ்வைக் கொண்டு இவ்விரு கூற்றுகளில் எதையும் நிறுவ இயலாது.

மக்கள்தொகை ஆய்வுகளே தெளிவான விடையை அளித்தன. ரோட் தீவு மாநிலத்தில் 30 முதல் 64 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தப்பட்டு 1982இல் வெளிவந்த ஆய்வின்படி, மெல்லோட்டம் ஓடுவோர் 7,620 பேரில் ஆண்டுக்கு ஒருவர் ஓட்டத்தின்போது இறந்தார். ஃபிக்ஸ் மறைந்து மூன்று மாதங்களில், 1984 அக்டோபரில், டேவிட் சிஸ்கோவிக் குழுவினரின் சியாட்டில் ஆய்வு வெளிவந்தது. கடும் பயிற்சியில் ஈடுபட்டிருக்கும் நேரத்தில் திடீர் இதய நிறுத்தத்திற்கான வாய்ப்பு உயர்கிறது. பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களிடம் இவ்வுயர்வு மிகப் பெரிது. ஆயினும் நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், தவறாது பயிற்சி செய்யும் ஆண்களுக்கான மொத்த வாய்ப்பு, செய்யாதவர்களுக்கு இருப்பதில் 40 விழுக்காடு மட்டுமே என்று அவ்வாய்வு காட்டியது. ஃபிக்சின் மறைவைச் சுற்றி எழுந்த கூச்சலில் இவ்விரண்டு உண்மைகளுள் ஒன்றே பெரும்பாலும் பேசப்பட்டது.

கென்னத் கூப்பர் 1985இல் அச்சமின்றி ஓடுவது பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஃபிக்சின் குடும்ப வரலாறு, 35 வயது வரையிலான புகைப்பழக்கமும் உடற்பருமனும், பணி நெருக்கடி, மணமுறிவு முதலியவற்றை அதில் வரிசையாக ஆராய்ந்தார். சோதனையை மறுத்தது இவ்வரிசையில் கடைசியாக வந்த தவறு என்பது அவரது முடிவு. அவரே அச்சோதனையை நடத்தும் நடுவத்தின் தலைவர் என்பதையும் வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும். எனினும், மூன்று தமனிகளிலும் கடுமையான குறுக்கம் இருந்த நிலையில், சோதனை கோளாறைக் காட்டியிருக்கவே வாய்ப்பு மிகுதி.

சோதனையின் எல்லைகள்

ஃபிக்சின் மறைவுக்குப் பின், ஓடத் தொடங்கும் அனைவரும் முதலில் ஓடுபொறிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் மருத்துவ உலகம் பின்னர் இதிலிருந்து ஓரளவு விலகி வந்துள்ளது. நோய்க்கான அறிகுறியோ இடர்க் காரணியோ இல்லாத ஓர் இளைஞரிடம் இச்சோதனை கோளாறு காட்டினால், அது பொய்யான எச்சரிக்கையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அதைத் தொடர்ந்து தேவையற்ற குருதிக்குழாய்ப் படமும் மன உளைச்சலும் வரும். பெண்களிடம் இத்தகைய பொய் எச்சரிக்கைகள் கூடுதலாக ஏற்படுகின்றன.

மறுபுறம், சோதனை சீராக முடிந்தாலும் அது முழுக் காப்பு ஆகாது. பல மாரடைப்புகள், குருதியோட்டத்தைத் தடுக்காத சிறிய கொழுப்புப் படிவு ஒன்று திடீரென வெடித்து, அதன்மேல் குருதி உறைவதால் நேர்கின்றன. அத்தகைய படிவை ஓடுபொறி காட்டாது. சோதனையிலும் சிறிது இடருண்டு. ஏறத்தாழ 1,70,000 சோதனைகளைத் தொகுத்து 1971இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, 10,000 சோதனைகளுக்கு ஒரு மரணம் என்று கணக்கிட்டது.

அறிகுறி இல்லாத, இடர் குறைந்த பெரியவர்களுக்கு இச்சோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இலும் 2018இலும் பரிந்துரைத்தது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2015இல் தன் நெறிமுறைகளைத் திருத்தியமைத்தது. ஒருவர் இப்போது பயிற்சி செய்து வருபவரா, அறிகுறியோ இதய, சிறுநீரக, நீரிழிவு நோயோ உள்ளவரா, எவ்வளவு கடுமையான பயிற்சியில் இறங்க விரும்புகிறார் என்ற மூன்றையும் கொண்டு மருத்துவ ஒப்புதல் தேவையா என முடிவு செய்யும் முறையை அது கொண்டுவந்தது. மெதுவான நடையைத் தொடங்க, நலமாயுள்ள பெரும்பாலோர்க்கு முன்சோதனை தேவையில்லை என்பதே இதன் விளைவு. ஆனால் இளவயது மாரடைப்புக் குடும்ப வரலாறும், நெடுங்காலப் புகைப்பழக்கமும், பயிற்சியின்போது தோன்றும் தொண்டை இறுக்கமும் ஒருங்கே கொண்ட ஐம்பது வயதுக்காரர் எந்த நெறிமுறையின்படியும் முதலில் மருத்துவரைக் காண வேண்டியவரே.

தமிழ்நாட்டுச் சூழலில்

ஃபிக்ஸ் டல்லசில் சோதனையை மறுத்த அதே 1983ஆம் ஆண்டில், சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை தொடங்கப்பட்டது. நோய் வருமுன் கட்டணம் செலுத்தி முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பரவியது இத்தகைய தனியார் மருத்துவமனைகள் வந்த பின்னரே. டி.எம்.டி. சோதனை இப்போது நகர மையத்தோடு நில்லாமல் தாம்பரம், குரோம்பேட்டை போன்ற தென்புறநகர்ப் பகுதிகளிலும் கிடைக்கிறது.

தெற்காசியருக்கு இதய நோய் இளவயதிலேயே வருவது பல ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. 52 நாடுகளில் நடந்த இண்டர்ஆர்ட் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007இல் வெளியான கட்டுரையின்படி, தெற்காசியரின் முதல் மாரடைப்பு சராசரியாக 53ஆவது வயதில் ஏற்பட்டது. பிற நாட்டினருக்கு இது ஏறத்தாழ 59. ஃபிக்ஸ் இறந்த வயது அமெரிக்கருக்கு மிக இளமையானது. நம்மவருக்கோ சராசரியை ஒட்டியது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுள் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருப்பது தெரியவந்தது.

இந்தியாவில் ஃபிக்சின் மறைவைப்போன்ற அதிர்ச்சியை ஏற்படுத்திய நிகழ்வு, கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாரின் மரணமாகும். கட்டான உடலுக்கும் அன்றாடப் பயிற்சிக்கும் பெயர் பெற்றிருந்த அவர் 2021 அக்டோபர் 29 அன்று 46ஆவது வயதில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த சில நாட்களில் பெங்களூரு செயதேவா இதய மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக வந்தோர் கூட்டம் பெருகியது. அவர்களுள் பலர் எவ்வித அறிகுறியும் இல்லாத இளைஞர்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலைநேரம் நடப்போரும், நாற்பது வயதைக் கடந்து மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்போரும் எதிர்கொள்ளும் கேள்வி ஃபிக்ஸ் எதிர்கொண்டதேயாகும். ஆனால் அவர்களுள் யாருக்குச் சோதனை தேவை என்பதை அச்சமோ செய்தித்தாளோ முடிவு செய்ய இயலாது. குடும்ப வரலாறு, நீரிழிவு, குருதி அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறியும் ஒரு மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டியவர்.

நினைவுச் சின்னமும் நூல்களும்

ஆர்டுவிக் ஊரின் நினைவுப் பூங்காவில் ஓட்டக்காரர்கள் இவருக்குக் கருங்கல் நினைவுச் சின்னம் ஒன்றை அமைத்துள்ளனர். இறக்கும்போது இவர் கையிலிருந்த நூல் 1985இல் வெளியாயிற்று. இவரது நூல்கள் வருமாறு:

கேம்ஸ் ஃபார் த சூப்பர் இன்டெலிஜென்ட் (1972)
மோர் கேம்ஸ் ஃபார் த சூப்பர் இன்டெலிஜென்ட் (1976)
தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங் (1977)
சால்வ் இட் (1978)
ஜிம் ஃபிக்சஸ் செகண்ட் புக் ஆஃப் ரன்னிங் (1980)
ஜாக்பாட் (1982)
ஜிம் ஃபிக்சஸ் மேக்சிமம் ஸ்போர்ட்ஸ் பெர்ஃபார்மன்ஸ் (1985, மறைவுக்குப் பின்)